பக்கிரிசாமிக்கு ஏற்றிய இரும்பு

ஊசி குத்த வருகிறவளைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு கை நீட்டுகிற மனிதரை இந்தத் தொழிலில் எதிர்பார்க்கக் கூடாது. நரம்பு எங்கே இருக்கிறது என்று தடவ ஆரம்பித்ததுமே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நான் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கு யாராவது ஊசி போட வந்தால் நானும் ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு அறை உண்டு. அதுதான் என் ராஜ்யம். ஊர் திருப்பனந்தாள் பக்கம் என்பதால் பாதி ஆயுசு பஸ்ஸிலும் மீதி அந்த அறையிலும் போகிறது. அங்கே கீமோவும் ஏற்றுவோம், இரும்பும் ஏற்றுவோம். இரும்பா என்று வாயைப் பிளக்காதீர்கள். குடலில் புற்று வந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து போய்க்கொண்டிருக்கும். பல பேருக்கு வெளியே தெரியவே தெரியாது. கட்டியை அறுத்து எடுத்த பிறகு பார்த்தால் உடம்பில் இரும்புச் சத்து அடிமட்டத்தில் கிடக்கும். இரும்பு இல்லையென்றால் ரத்தம் ஊறாது, தெம்பு வராது, அடுத்து வருகிற கீமோவையும் உடம்பு தாங்காது.

எங்கள் டாக்டரம்மா அளந்து பேசுகிறவர். "இரும்பு ஏறிட்டா பிழைச்சுடுவாங்கன்னு நான் யாருக்கும் எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா ஏறாமலே விட்டவங்க மத்தவங்களவிட முன்னாடி போயிடறதைப் பாக்கறேன்" என்பார். உங்களில் யார் வீட்டிலாவது குடல் ஆபரேஷன் நடந்திருந்தால், நீங்களும் எங்கள் வராந்தா பெஞ்சு மாதிரி ஒரு பெஞ்சில் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுந்தவர்தான். கீழே எழுதியிருப்பதில் பாதி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மீதியும் நடந்திருந்தால் என் அனுதாபங்கள்.

கறுப்பு

பக்கிரிசாமி குத்தாலம் பக்கத்து ஆள். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, உயரம், பேச்சு குறைவு. கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. தம்பி சம்பந்தமும் அவரும் இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. சம்பந்தத்துக்குப் பேச்சு அதிகம், அண்ணனுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். "ஐயா, பசிக்குதா?" என்று நான் பக்கிரிசாமியைக் கேட்டால், "அண்ணனுக்கு இப்பப் பசிக்காதுங்க" என்று தம்பியிடமிருந்து பதில் வரும். பக்கிரிசாமியின் மனைவி காந்திமதி ஒயர் கூடையோடு இரண்டு பேருக்கும் பின்னால் நிற்பார்.

பெருங்குடலில் வலது பக்கம் கட்டி. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆனால் ஹீமோகுளோபின் எட்டில் நின்றது. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த தடவை வந்தபோதும் அதே எட்டு. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. மாத்திரை சாப்பிடுகிறாரா இல்லையா என்று நான் குரலை உயர்த்தினேன். எனக்கு இந்தப் பிரிவில் சிடுமூஞ்சி என்று பெயர், அது எனக்கே தெரியும், அதனால் மெல்லக் கேட்பதில் பயனில்லை. காந்திமதிதான் கடைசியில் சொன்னார். மாத்திரை சாப்பிட்ட நாலாம் நாளே வெளிக்குக் கறுப்பாகப் போயிருக்கிறது. நோய் திரும்பிவிட்டது என்று மனுஷன் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டார், பயத்தை வெளியே சொல்லவும் இல்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்குத்தான் பக்கிரிசாமியின் குரலை நான் முழுசாகக் கேட்டேன்.

"உள்ள இருக்கற ரத்தம்தான் போவுதுன்னு நெனச்சுட்டேங்க, நீங்க குடுத்தது போவுதுன்னு தெரியல."

காப்பி

அதே சமயத்தில் தாராசுரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் வந்துகொண்டிருந்தார். அவருக்கும் குடல் ஆபரேஷன், அவருக்கும் இரும்பு மாத்திரை. ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார். சத்தியம் செய்யாத குறை. ஆனால் இரும்பு அசையவில்லை. எதில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மாத்திரை கசக்குமே என்று காலைக் காப்பியில் சாப்பிடுகிறாராம். நல்ல கெட்டி டிகாக்‌ஷன், பசும்பால். சரிதான் போங்கள். காப்பியும் பாலும் சேர்ந்து இரும்பை உடம்புக்குள் விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

டீச்சருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். காலையில் எழுந்ததும் எலுமிச்சம்பழத் தண்ணீரில் மாத்திரை, அப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் காப்பி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொன்னவர், நிச்சயம் நல்ல முடிவுக்குத்தான் வருவார் என்று நானும் காத்திருந்தேன்.

"அப்ப மாத்திரையை நிறுத்திடறேன் சிஸ்டர், ஊசியாவே போட்டுடுங்க."

ஆணி

பக்கிரிசாமிக்கு மாத்திரை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. டாக்டரம்மாவும் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. ஆபரேஷன் முடிந்து குறிப்பிட்ட காலத்துக்குள் கீமோ ஆரம்பித்தால்தான் முழுப் பலன். இந்த எட்டை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க முடியாது. ஆகவே நரம்பு வழியாக இரும்பு. பாட்டிலைத் தொங்கவிட்டதும் சம்பந்தம் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். பாலில்லாத டீ மாதிரி பழுப்பாக இருக்கும். ஊசி நரம்பை விட்டு விலகினால் தோலில் கறை பிடித்துவிடும், வருஷக்கணக்கில் போகாது. அதனால் நான் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். அவரோ என் காதுக்குப் பக்கத்தில் நின்று கேள்விமேல் கேள்வி.

இந்த ஒரு பாட்டிலில் எத்தனை கிலோ இரும்பு இருக்கும் என்றார். கிலோவா, சின்ன ஆணி ஒன்றின் எடைகூட இருக்காது என்றேன். சம்பந்தம் வாயடைத்துப் போய்விட்டார். இவருக்கும் வாய் அடைக்குமா என்று எனக்கு ஆச்சரியம். போன வருஷம் முழுக்க அண்ணன் வரப்பில் நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிடுவாராம். நாற்றங்காலுக்கு வந்து நின்றாலே மூச்சு வாங்குமாம். வயசாகிவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று இவர் வேறு நாலு பேர் முன்னால் கிண்டல் பண்ணியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டோ என்னவோ, பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ஆணிக்காகவா சிஸ்டர் எங்கண்ணன் இத்தினி நாள் இப்படிக் கெடந்துச்சு?"

முருங்கை

இரும்பு குறைவு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், தெருவே வைத்தியம் படித்துவிடும். காந்திமதி தினமும் முருங்கைக்கீரை. எதிர் வீட்டில் பேரீச்சம்பழம். சொந்தக்காரர் ஒருவர் ஆட்டு ஈரல் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். இன்னொருவர், பழைய இரும்புச் சட்டியில்தான் குழம்பு வைக்கவேண்டும் என்று சட்டியையே கொண்டுவந்து இறக்கிவிட்டார். குடலில் தையல் போட்டு இன்னும் நாளாகவில்லை, மனுஷன் என்னதான் செய்வார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டு, வயிறு உப்பி, இரண்டாவது பாட்டில் ஏற்ற வந்தபோது நெளிந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டில் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்தைக் கீரையால் மட்டும் தூர்க்க முடியாது, மருந்து வேண்டும் என்று காந்திமதியிடம் சொன்னேன். அந்த அம்மா முகம் தெளிந்துவிட்டது. ஏதோ பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு விட்டார். புருஷனுக்குக் கேட்காமல் என் பக்கம் குனிந்தார்.

"நீங்களே சொன்னதா வீட்டுல சொல்லிடறேம்மா, முருங்கை மரம் மொட்டையாயிடுச்சு."

நடவு நேரம்

இரண்டு பாட்டில் ஏற்றியாகிவிட்டது. கொஞ்ச வாரம் கழித்து ரத்தம் பார்த்து, போதவில்லையென்றால் மூன்றாவது. அந்தச் சமயத்தில்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஊரே நடவில் இறங்கிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, டிராக்டர் கிடைக்கவில்லை, ரத்தம் கொடுப்பதற்காக ஒரு நாள் முழுக்கத் தஞ்சாவூருக்கு எப்படி வருவது என்று சம்பந்தம் போனில் புலம்பினார். எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள கஷ்டம்தான். டாக்டரம்மா, பக்கத்து டவுனில் இருக்கிற லேபிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பல பேருக்கு அப்படிச் செய்வது வழக்கம்தான்.

ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் பன்னிரண்டு. இரும்பும் திருப்தி. அறையில் எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாவது பாட்டில் வேண்டாம் என்று டாக்டரம்மா நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்தே சாப்பிடுகிற கீமோ மாத்திரையையும் ஆரம்பிக்கச் சொன்னார். சம்பந்தம் வந்து வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஒரு தடவை காந்திமதி எனக்குப் போன் பண்ணினார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்குகிறதே, கொல்லைக்குப் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்கிறாரே என்றார். கீமோ மாத்திரை சாப்பிட்டால் சிலருக்கு அசதி இருக்கும், இருந்தாலும் உடனே கூட்டிவாருங்கள் என்றேன். பக்கத்தில் நின்ற சம்பந்தம் போனை வாங்கிவிட்டார்.

"அதான் ரத்தம் பன்னெண்டு இருக்கே சிஸ்டர், அண்ணனுக்கு மனசுதான் பலவீனம்."

சர்க்கரை

கீமோ மாத்திரை ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு முன்னால் முழு ரத்தப் பரிசோதனை. இந்தத் தடவை சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்திருந்தோம். அதே லேப், அதே வாட்ஸ்அப். ஹீமோகுளோபின் பழையபடி பன்னிரண்டு. ஆனால் சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். டாக்டரம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு தடவை பார்த்தார். பக்கிரிசாமிக்கு ஆபரேஷன் சமயத்தில் சர்க்கரையே கிடையாது. அடுத்த மாத்திரையைத் தொடவேண்டாம், நேரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வருவதற்குள் வீட்டில் பத்தியம் ஆரம்பித்துவிட்டது. சோறு பாதியாகக் குறைந்தது. கஞ்சியில் போடுகிற வெல்லம் நின்றது. பழம் கிடையாது. ஏற்கெனவே காற்றடித்தால் சாய்கிற உடம்பு. வண்டியை விட்டு இறங்கியவரை நான் கைத்தாங்கலாகப் பிடித்துக் கொண்டுவந்து படுக்கவைத்தேன். உதடு வெளுத்துப் போயிருந்தது. பன்னிரண்டு இருக்கிற மனுஷன் இப்படி இருக்கமாட்டாரே என்று டாக்டரம்மாவும் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். காந்திமதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தம்மா குறைக்கறது, அவரு சாப்பிடறதே நாலு வாய்தானே."

நீட்டிய கை

விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தோம். நூறுகூட இல்லை. லேபில் ஏதோ குளறுபடி, நாமே முதலிலிருந்து எல்லாம் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டரம்மா. நான் குழாய், ஊசி எல்லாம் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தேன். வந்தால், சம்பந்தம் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை என் முன்னால் நீட்டுகிறார். இத்தனை வருஷத்தில் தானாக முன்வந்து கை நீட்டியவர் அவர் ஒருத்தர்தான். எதற்கு என்றேன். ரத்தம் எடுக்கத்தானே என்றார். உங்களுக்கு எதற்கய்யா என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயம் தெரியாத பெண்ணாக இருக்கிறாளே என்கிற பார்வை.

பிறகு அவரே விளக்கினார். அண்ணன் உடம்பில் ரத்தம் இல்லை என்று நாங்கள்தான் சொன்னோம். இல்லாதவர் உடம்பிலிருந்து குழாய் குழாயாக உறிஞ்சினால் ஏற்றியதெல்லாம் என்ன ஆவது? அதனால் லேபுக்கு இவரே போய், சீட்டைக் கொடுத்து, கையை நீட்டிவிட்டு வந்திருக்கிறார். சீட்டில் பக்கிரிசாமி என்று இருந்தது, இவரும் ஆமாம் என்றார், எடுத்துக்கொண்டார்கள். முதல் தடவையும் அப்படித்தான், இரண்டாவது தடவையும் அப்படித்தான். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே ரத்தம்தானே, யார் கையில் எடுத்தால் என்ன. மறைக்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. நல்ல காரியம் செய்த மனுஷனின் முகம்தான் அது. பக்கிரிசாமியும் படுத்தபடியே, தம்பி கொடுக்கிறேன் என்றான், சரி என்றேன் என்று தலையசைத்தார். டாக்டரம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். சம்பந்தம் கொஞ்ச நேரம் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குப் புரிந்த வரைக்கும் டாக்டரம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்.

"அப்ப அந்தச் சர்க்கரை என்னோடதுங்க டாக்டர், அண்ணனுக்குக் கிடையாது."

வேண்டாத ரத்தம்

அண்ணனிடமிருந்து எடுத்த நிஜ ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறு. மூன்றாவது பாட்டில் இரும்பு தேவைப்பட்ட நேரத்தில் அதை நிறுத்தி, தாங்காத உடம்புக்குக் கீமோ மாத்திரையையும் கொடுத்திருக்கிறோம். எனக்கு வந்ததே கோபம். சம்பந்தத்தை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிடி பிடித்தேன். "பாசம்னு சொல்லிக்கிட்டு அண்ணனைக் கொல்லப் பாத்தீங்களேய்யா" என்று கேட்டேன். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தது. இப்போதும் ஒருத்தர் அப்படிச் செய்துவிட்டு வந்து நின்றால் அதையேதான் கேட்பேன். சம்பந்தம் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் நின்றார்.

பக்கிரிசாமியை அன்றே அட்மிட் பண்ணினோம். முதலில் ரத்தம் ஏற்றவேண்டும், அப்புறம் இரும்பு, கீமோ எல்லாம் பிறகுதான். ரத்தம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சம்பந்தம் ரத்த வங்கிக்கு ஓடினார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். சர்க்கரை இவ்வளவு இருக்கிறவரிடம் எடுக்கமாட்டோம், முதலில் நீங்கள் போய் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வேறு யாரோ கொடுத்த ரத்தம்தான் அண்ணனுக்கு ஏறியது. கட்டில் ஓரத்தில் நின்று அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேண்டாதப்ப எடுத்துக்கிட்டாங்க, வேணுங்கறப்ப வேணாங்கறாங்க சிஸ்டர்."

படி

அதற்கப்புறம் பக்கிரிசாமி ஒரு நாளும் தவறவில்லை. நடவோ களையெடுப்போ, ரத்தம் கொடுக்கத் தஞ்சாவூருக்குத்தான் வந்தார், தன் கையைத்தான் நீட்டினார். இரும்பு ஏறியது. நிஜமாகவே ஏறியது. கீமோவை மறுபடி ஆரம்பித்து, இந்த முறை முழுசாக முடித்தார். நடுவில் வாய்ப்புண் வந்தது, உள்ளங்கை உரிந்தது, எல்லாவற்றையும் பேசாமல் தாங்கினார். சம்பந்தம் தன் சர்க்கரைக்கும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்ட ஆரம்பித்தார். முந்நூறு இருந்தது பாதியாக இறங்கிவிட்டது. ஆனால் பேச்சும் பாதியாகிவிட்டது. அண்ணனைக் கேட்டால் அண்ணனே பதில் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்.

கீமோ முடிந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. சக்கர நாற்காலி கொண்டுவருகிறேன் என்று நான் கீழே இறங்குவதற்குள், பக்கிரிசாமி கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறி வந்துவிட்டார். மேலே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கவில்லை பாருங்கள் என்பது போல என் முன்னால் நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவள் கலங்கக்கூடாதா என்ன. பின்னால் ஏறி வந்த காந்திமதிக்குத்தான் நன்றாக இரைத்தது.

"எனக்கும் ஒரு பாட்டில் ஏத்துங்கம்மா, இவரு கூட நடக்க முடியல."

பக்கிரிசாமி கேட்டது

கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புற்று தெரிந்தது. டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்து மறைக்காமல் சொன்னார். மறுபடி கீமோ, மறுபடி என் அறை. அன்று மதியம் காந்திமதி கேன்டீனுக்குப் போயிருந்தார். சம்பந்தம் மருந்து வாங்கக் கீழே நின்றார். நான் ஊசியைச் செருகி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கிரிசாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் தானாக ஒரு பேச்சை ஆரம்பித்து நான் பார்த்ததில்லை.

தம்பி ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை என்றார். அன்றைக்கு ரத்தம் மாற்றிக் கொடுத்ததால்தான் இப்படித் திரும்பி வந்துவிட்டது என்று அவனுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, வாய் விட்டுக் கேட்கவில்லை, ஒருநாள் கேட்பான் என்றார். நான் டாக்டரம்மாவிடம் முன்பே இதைக் கேட்டிருந்தேன். சிகிச்சை நின்றுபோன வாரங்களால் வந்ததா, எப்படியும் வருவதாக இருந்ததா என்று ஒரு தனி ஆளுக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர் சொல்லியிருந்தார். அதைத்தான் இவரிடமும் சொன்னேன். பக்கிரிசாமிக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை. சம்பந்தம் படியேறி வரும் சத்தம் கேட்கிறதா என்று வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் இருந்தாலும் இல்லாட்டியும், கேட்டா இல்லேன்னு சொல்லிடுங்கம்மா, அன்னிக்குத் திட்டினது நீங்க, நீங்க சொன்னாத்தான் நம்புவான்."

சம்பந்தம் கேட்டது

அந்த வருஷம் சம்பா அறுப்புக்கு முன்னாலேயே பக்கிரிசாமி போய்விட்டார். வீட்டில்தான், அதிகம் கஷ்டப்படாமல். எனக்குக் காந்திமதி போன் பண்ணிச் சொன்னார். அடுத்த வாரமே சம்பந்தம் தன் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவர், மொட்டைத் தலையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. அண்ணன் வழக்கமாகப் படுக்கிற கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன்.

"சிஸ்டர், நான் அந்த ரத்தம் குடுத்ததாலதான் அண்ணன்…" என்று ஆரம்பித்தார். "இல்லை" என்றேன். அவர் கேட்டு முடிக்கக்கூட விடவில்லை நான். குரல் வேறு எனக்கே புதிதாக, ரொம்ப மென்மையாக வந்து தொலைத்தது. சம்பந்தம் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"எங்கண்ணன் அப்படிச் சொல்லச் சொல்லுச்சா?"

தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கிற நரம்பையெல்லாம் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற எனக்கு, நிஜமா பொய்யா என்று எனக்கே தெரியாத ஒரு வார்த்தையை முகம் மாறாமல் சொல்லத்தான் இத்தனை வருஷ சர்வீஸிலும் கைவரவில்லை.